அலமாரிக்கு அடியில் ஒரு மிக்சர்

குடியிருப்பின் பொதுச் சமையலறைக்கு மாவு பிசையும் ஸ்டாண்டு மிக்சர் வாங்கப் போகிறார்கள் என்றதும் மற்றவர்களுக்கு அது ஒரு கடைவீதி உலா. பன்காரிக்கோ அது பிழைப்பு. அந்தச் சமையலறையில் மாலையில் மாவு பிசைந்து, காலையில் சுட்டுத்தான் கடைகளுக்கு பன் போடுகிறாள். வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. இனியும் கையால் பிசைந்தால் கை போய்விடும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சங்கத் தலைவரே எடுத்துக்கொண்டார். அவர் அவளுடைய சித்தப்பா. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவர். ஆனால் எந்தப் பொருளையும் விரலால் தட்டிப் பார்த்து, "ம்ம்" என்பார். அந்த ஒரு "ம்ம்"முக்கு ஒரு கூட்டமே தலையாட்டும்.

கடையில் விற்பனையாளர் ஒரு மெஷினின் பொத்தானை அழுத்தினார். அதன் தலை மெல்லப் பின்னால் சாய்ந்து மேலெழுந்தது. கூடவே சித்தப்பாவின் வாயும் திறந்தது.

"பாத்தியா, என்ன கம்பீரம்!"

"சித்தப்பா, நம்ம சமையல் மேடைக்கு மேலயே அலமாரி இருக்கு. தலைய தூக்குனா இடிக்கும். அப்புறம் பாத்திரத்த எப்படி எடுக்கறது? பக்கத்துல இருக்கறத பாருங்க, தலை அப்படியே நிக்குது, பாத்திரம்தான் கீழ இறங்குது."

"நீ பன்ன பாரு. மெஷின நாங்க பாத்துக்கறோம்."

"தலைவர் பாக்காத மெஷினா?" என்றார் கூட வந்த தையல்காரர். தலைவர் தும்மினால்கூட அதில் ஒரு நயம் காண்பவர். பன்காரி வாசலைப் பார்த்து நடந்தாள். இவர்களோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம், அது பதிலுக்கு உளறாது.

மெஷின் வந்தது. எல்லோரும் கூடி நிற்க, சித்தப்பா பொத்தானை அழுத்தினார். தலை ஒரு சாண்கூட எழாமல் அலமாரியில் 'ணங்' என்று முட்டி நின்றது. முன்னால் இழுத்துப் பார்த்தார்கள். மேடை குறுகல். மெஷினின் பாதி வெளியே தொங்கியது.

"அலமாரிய கழட்டிடலாமே?" என்றார் தையல்காரர். அவர் வாழ்நாளில் சொன்ன முதல் உருப்படியான பேச்சு அது. ஆனால் அலமாரி சித்தப்பா தந்த நன்கொடை. அவருடைய அப்பா பெயர் பொறித்த பித்தளைத் தகடு அதன் நெற்றியில் மின்னியது. சித்தப்பா பார்த்த பார்வையில் தையல்காரர் பாதியாகிப் போனார்.

உயரமும் பிளக்கும் ஒருசேர இருந்த இடம் ஒன்றுதான்: கூடத்தில் சித்தப்பா கூட்டம் நடத்தும் மேஜை.

"எல்லாரும் பாக்கற மாதிரி என் மேஜை மேலயே இருக்கட்டும்," என்று அறிவித்தார். சறுக்கி விழுந்தாலும் தரையைச் சோதிக்கத்தான் படுத்தேன் என்று சொல்லக்கூடிய மனிதர்.

அடுத்த கூட்டம் மாலையில் நடந்தது. சித்தப்பா தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த உறுப்பினர்களே," என்று தொடங்கினார். பன்காரி மாவைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைத் தட்டினாள். கூடமே அதிர்ந்தது.

"நிறுத்தும்மா!"

"என்ன சித்தப்பா? கேக்கல!"

"நிறுத்துன்னேன்!"

"நீங்க எடுத்த மெஷின்தானே? என்ன கம்பீரமா கத்துது பாருங்க!"

பின்வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. தையல்காரர் மட்டும் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

பாத்திரத்துக்குள் மாவு திரண்டு உருண்டது. வீங்கிய கையை மடியில் போட்டுக்கொண்டு பன்காரி நிம்மதியாக உட்கார்ந்தாள். எதிரே சித்தப்பாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை. அதனால் யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை.