வேப்பிலை பிடுங்கிய வாசல்

விடிந்து பார்த்தால் கோமுவின் நெற்றியிலும் கழுத்திலும் முத்து போட்டிருந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல் இருந்ததுதான். சளிக் காய்ச்சல் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை கப்பலேறப் போகிறாள் என்று அந்தக் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. அதனால் ராத்திரி முழுக்க சண்முகவடிவின் முந்தானையை விடாமல், அவள் சமுக்காளத்திலேயே சுருண்டு கிடந்தது. அந்தச் சமுக்காளத்தைத்தான் வடிவு இருட்டோடு எழுந்து உருட்டி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாள்.

சீனித்தாய் பேத்தியின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வேப்பங்கொப்பு ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினாள். இரண்டு எட்டு உள்ளே வந்தவள், ஏதோ நினைவு வந்தவள்போல் திரும்பிப் போய் அதைப் பிடுங்கி மடியில் சுருட்டிக்கொண்டாள்.

"என்னம்மா செய்யுதே?" என்றாள் வடிவு.

"வண்டிக்காரன் இப்ப வந்துருவாம்லா. இலை தொங்குத வீட்டுல இருந்து கப்பலுக்கு ஆள் ஏத்துவானா? நீ கெளம்பு."

"அம்மன் வந்திருக்கா, நீ இலையைப் பிடுங்குதியே."

"அவளுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். அவளும் பொம்பளதான."

புதுக்கோட்டைத் தெருவில் பலசரக்குக் கடைக்காரர் வீட்டுப் பெண் சீமைக்கு நர்சு படிக்கப் போவது சின்ன விஷயமா? உலகச் சண்டை முடிந்து இப்போதுதான் கப்பல்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்தன. நாசரேத்து ஆஸ்பத்திரி ஞானபாய் சிஸ்டர் கடைக்கும் வீட்டுக்கும் ஆறு மாதம் நடந்து, அப்பாவைச் சம்மதிக்க வைத்து வாங்கிக் கொடுத்த இடம் அது. தூத்துக்குடியிலிருந்து சிஸ்டரோடு கொழும்பு. அங்கே மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். பிறகு பெரிய கப்பல். முதல் பருவத்துப் பாடம் கப்பலிலேயே தொடங்கிவிடும், சீமையைப் பார்க்கும்போது பாதி நர்சு ஆகியிருப்பீர்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள்.

வண்டி மணி கேட்டது. வடிவு வாயைத் திறப்பதற்குள் அம்மா கையைக் காட்டித் தடுத்தாள்.

"போயிட்டு வாரேன்னு சொல்லாதளா. அம்மன் இருக்கும்போது சொல்லிக்கிடப்பிடாது. சும்மா எறங்கிப் போ."

அப்படியே இறங்கிப் போனாள். உள்ளே கோமு, "அத்தே" என்று ஒருதரம் கூப்பிட்டது. வடிவு திரும்பவில்லை.

கடலுக்குள் நீண்டிருந்த துறைமுகப் பாலத்தில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக நாக்கை நீட்டச் சொல்லி, கையில் அம்மை குத்தின தழும்பைப் பார்த்து அனுப்பினார். வடிவின் முறை வந்தது.

"வீட்ல யாருக்காவது காய்ச்சல், அம்மை?"

வடிவு அண்ணனைப் பார்த்தாள். செந்தில்வேல் கோமுவின் அப்பா. அவன் கடலைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் சொகந்தான் சார்" என்றான். ஞானபாய் சிரித்துக்கொண்டே வந்து வடிவின் தோளில் கை வைத்தாள்.

"இது என் பிள்ளை சார். இவளுக்கு நான் பொறுப்பு."

டாக்டர் போகச் சொல்லிவிட்டார். தோளில் இருந்த கையை எடுத்த பிறகும் அந்த இடம் கனத்தது.

அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். லாஞ்சு என்கிற மோட்டார்ப் படகில்தான் போய் ஏற வேண்டும். வடிவு யார்மேலும் படாமல் பின்கோடியில் போய் உட்கார்ந்து, படுக்கைச் சுருட்டைக் காலுக்கடியில் இடுக்கிக்கொண்டாள். தனக்குக் குத்தியிருக்கிறது, ஒன்றும் வராது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். குத்தினவர்களுக்கும் சில சமயம் வரும் என்று சொல்லிக்கொடுத்ததும் சிஸ்டர்தான்.

எதிரே மிக்கேலம்மாள் என்ற கடற்கரைப் பெண் பால்குடிப் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். கரையை விட்டதிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. புருஷன் ரோச் கொழும்புத் துறைமுகத்தில் வேலை, பிள்ளை முகத்தை இன்னும் பார்க்கவில்லை, பார்த்தால் தன் மூக்கு என்பான், ஆனால் மூக்கு அவள் அப்பச்சி மூக்கு. லாஞ்சு ஆடியது. பிள்ளை தூங்கிவிட்டது.

"கை கடுக்குது. அந்தச் சுருட்டு மேல இவனைச் சித்த போட்டுக்கிடுதேன்" என்று குனிந்தாள் மிக்கேலம்மாள்.

வடிவு வெடுக்கென்று சுருட்டை இழுத்துக்கொண்டாள்.

"அதுல வேண்டாம்."

"ஏன்? இவன் மோண்டாலும் ஒரு பொட்டுத்தான் மோளுவான்."

"வேண்டாம்க்கா. தொடாதீங்க."

மிக்கேலம்மாள் நிமிர்ந்தாள். முகம் மாறிவிட்டது.

"ஓகோ. எங்க பிள்ளை பட்டா உன் சமுக்காளம் தீட்டாயிரும், அப்படித்தான? நர்சம்மா ஆகப்போறாளாம்! நாளைக்கு மீன் நாத்தம் அடிக்கிற கையை எப்படி தாயி புடிப்ப?"

நாலு பேர் சிரித்தார்கள். லாஞ்சு ஓட்டிக்கொண்டிருந்த ஜேசுதாசன், "கடைக்காரவுக வீட்டுப் பிள்ளை, கல்லாப்பெட்டி மாதிரிலா கட்டிப் பிடிச்சிருக்கு" என்றான். முன்பக்கமிருந்த ஞானபாய் திரும்பிப் பார்த்தாள். வடிவு அப்படிப்பட்டவள் இல்லை என்று அவள் முகம் சொன்னது. அந்த முகத்தைத்தான் வடிவால் தாங்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கர்வக்காரி என்ற பெயரோடு கப்பலேறிவிடலாம். ஆனால் கொழும்பு வரை ஒரு ராத்திரி இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ ராத்திரி.

"தீட்டு இல்லக்கா" என்றாள். "எங்க வீட்டுல அம்மை போட்டிருக்கு. அண்ணன் பிள்ளைக்கு. ராத்திரி இதுலதான் படுத்திருந்தது."

சிரிப்பு நின்றது. மிக்கேலம்மாள் பிள்ளையை வாரிச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு சிலுவை போட்டாள். மறுநிமிஷமே குரலைத் தாழ்த்திக்கொண்டு சீறினாள்.

"இப்பவா சொல்லுவ? வெள்ளைக்காரன் காதுல விழுந்தா எங்க எல்லாத்தையும் அம்மைக் கேம்புல கொண்டு அடைச்சிருவான். என் வீட்டுக்காரரு அங்கன கரையில நின்னுக்கிட்டிருப்பாரு. வாயை மூடிக்கிட்டு வா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஆடுகிற லாஞ்சில் ஞானபாய் ஆட்களைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தாள். திட்டவில்லை.

"சுருட்டை அவுத்தியா?"

"இல்ல சிஸ்டர்."

"யாரையும் தொட்டியா?"

"உங்க கைதான் என் தோள்ல பட்டுது."

ஞானபாய் தன் கையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்லா. நான் பொறுப்புன்னு சொன்னேனே."

கப்பலின் கறுத்த பக்கம் சுவர்போல் எதிரே வந்து நின்றது. ஏணி இறக்கினார்கள்.

"கப்பல் டாக்டர்ட்ட நான் உள்ளதைச் சொல்லிருவேன்" என்றாள் ஞானபாய். மிக்கேலம்மாளிடம் திரும்பி, "பயப்படாதம்மா. இந்தப் பிள்ளை ஒட்டாமத்தான் இருந்திருக்கா. நீ எறங்குற வரைக்கும் பிள்ளையை நான் பார்த்துக்கிடுதேன்" என்றாள். பிறகு வடிவைப் பார்த்தாள். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை.

"நான் இதுலயே திரும்பிப் போயிருதேன் சிஸ்டர். எனக்கு அடுத்த தடவை..."

"அந்த இடத்துக்கு ஆள் நிக்கிது வடிவு. நான் வாக்குக் குடுக்க முடியாது."

எல்லாரும் ஏறினார்கள். மிக்கேலம்மாள் பாதி ஏணியில் நின்று கீழே பார்த்தாள். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு ஏறிப் போனாள்.

லாஞ்சு திரும்பியபோது பாலத்தில் செந்தில்வேல் இன்னும் உட்கார்ந்திருந்தான். தங்கை தனியாக இறங்குவதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவள் நேரே டாக்டரிடம் போய் நின்றாள். "கேட்டீங்கள்லா சார், இருக்கு" என்றாள். டாக்டர் அவளையும் கடலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வீடு எங்கே என்று கேட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் வேப்பிலை மறுபடி தொங்கியது. இரண்டு பக்கமும், காலையில் செருகியதைவிடப் பெரிய கொத்துகள். அண்ணன் டாக்டரை உள்ளே அழைத்துப் போனான். வெளியே வந்த சீனித்தாய் மகளைக் கண்டு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இலையைப் பிடுங்கினேம்லா. அதான் அவ உன்னைத் திருப்பி அனுப்பிட்டா. நான்தான் கெடுத்தேன். எம் பிள்ளை படிப்பை நானே கெடுத்தேன்."

"அவ அனுப்பலம்மா. நானாத்தான் வந்தேன்."

"நீ எனக்காகச் சொல்லுத."

"இல்லம்மா. நெசமாத்தான்."

சீனித்தாய் நம்பவில்லை. இனி எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. உள்ளே போய்ச் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்து, குனிந்து மகளின் காலில் ஊற்றினாள். வடிவு படுக்கைச் சுருட்டை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, இன்னொரு காலையும் நீட்டினாள்.