பிரசன்ட் பெர்ஃபெக்டின் புதுப்பெயர்

எழும்பூரில் அமலியின் அலுவலகத்தில், ஸ்பெயினுக்குக் குடிபோகும் ஆங்கில வினைக்காலங்களுக்குப் பெயர் மாற்றித் தருகிறார்கள். ஆதார் நகல் ஒன்று, புகைப்படம் இரண்டு போதும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது அங்கே வழக்கமில்லை. போகிற ஊரில் அந்த வேலையைப் பார்ப்பவருக்கு என்ன பெயரோ, அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை முதலில் வந்தவர் சிம்பிள் பாஸ்ட். 'பிரெத்தேரித்தோ பெர்ஃபெக்தோ சிம்ப்ளே' என்று எழுதிக் கொடுத்தாள் அமலி. தன் பெயரிலும் ஒரு பெர்ஃபெக்ட் சேர்ந்த பூரிப்பில் அவர் எல்லோருக்கும் காபி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தவர் பிரசன்ட் பெர்ஃபெக்ட். செய்து முடித்த காரியங்களைக் கையில் பிடித்தபடி நிகழ்காலத்திலேயே நிற்கிற மனிதர். சஃபாரி சட்டை போட்டிருந்தார்.

"இனிஷியல்?" என்றார் எழுத்தர் தணிகாசலம்.

"பிரசன்ட்."

"அப்பா பேரா?"

"குடும்பப் பேரு."

தணிகாசலம் 'பி.' என்று போட்டுக்கொண்டார்.

மாட்ரிட்டில் பிரசன்ட் பெர்ஃபெக்டின் மகளுக்குப் போன வியாழக்கிழமை பிரசவம். விசா இழுத்தடித்ததில் போக முடியவில்லை. "தாயில்லாப் பொண்ணும்மா. குழந்தையை முதல்ல நான் வாங்குறதா சொல்லியிருந்தேன்" என்றார்.

அமலி எழுதிய காகிதத்தை நீட்டினாள். பிரெத்தேரித்தோ பெர்ஃபெக்தோ கொம்புவெஸ்தோ.

"முதல் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"கடந்துபோனது."

"நானா? அந்த சிம்பிள் பாஸ்ட்டுக்கு பெர்ஃபெக்டுன்னு பேரு, நான் கடந்துபோனவனா?"

"அங்கே உங்க வேலையைப் பாக்குறவர் பேரு அதுதான் சார்."

"பிரசன்ட்னு ஒரு ஓரமாவாவது?"

"இனிஷியல்ல இருக்கு" என்றார் தணிகாசலம்.

"ஸ்பெயின்ல இனிஷியல் கிடையாது" என்றாள் அமலி. தணிகாசலம் 'பி.'யை அடித்தார்.

பிரசன்ட் பெர்ஃபெக்ட் பையிலிருந்து மகளின் படத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, போடுங்க" என்றார்.

முத்திரை விழுந்தது. மறுகணம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. தணிகாசலம் அதைச் சுவரோரம் தள்ளிவைத்தார். தொலைபேசி அடித்தது, மாட்ரிட்டிலிருந்து மகள்.

"மேடம், அப்பா வியாழக்கிழமையே வந்துட்டார். நர்ஸ் கையிலேர்ந்து குழந்தையை அவர்தான் வாங்கினார். உங்க ஃபார்ம்ல கையெழுத்துப் போட மறந்துட்டாராம். முந்தாநாள் வந்து போட்டுடட்டுமான்னு கேக்குறார்."

அமலி டைரியைப் புரட்டினாள்.

"முந்தாநாள் ஞாயித்துக்கிழமைம்மா, ஆபீஸ் கிடையாது. அதுக்கு முந்தின நாள் வரச் சொல்லுங்க. பதினோரு மணிக்குள்ள."