லோர்னா வீட்டுக்கு வராத விருந்தாளிகள்

கன்னிசன் ஊரில் ஜனவரி மாதம் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது சௌக்கியமா என்றல்ல, வீட்டில் எத்தனை பேர் என்றுதான். பனிச்சறுக்கு மலை அரை மணி நேரப் பயணம். மலையடிவாரத்தில் ஒரு வாரம் தங்கச் சொத்தை விற்க வேண்டும்; கீழே கல்லூரி இருக்கும் கன்னிசனில் சொந்தக்காரர் ஒருவர் இருந்தால் தரையில் ஒரு மெத்தை போதும். அதனால் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களுக்கெல்லாம், கோடையில் எட்டிப் பார்க்காத சொந்தங்கள் குளிர்காலத்தில் முளைக்கும்.

வந்தவர்களைப் பற்றி ஊரே புலம்பும். அதில் போட்டியே உண்டு. வரலாற்றுத் துறை டெல்மர், தன் வீட்டுக் குளியல் தொட்டியில் ஒருவர் படுத்திருப்பதாகச் சொன்ன ஆண்டில் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஆளே வராதவர்கள்தான் பாவம், வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

விலங்கியல் கற்பிக்கும் லோர்னாவுக்கு அந்தக் குறை இருந்ததில்லை. நெப்ராஸ்காவிலிருந்து மாமியார் வெர்னா, கொழுந்தன் லைல், அவன் மனைவி, பிள்ளைகள் என்று ஒரு படையே வரும். ஈரக் காலுறைகளைக் காயப்போட்டு வீட்டை நாறடிப்பார்கள். வெர்னா மட்டும் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். முட்டைக்கோசும் இறைச்சியும் அடைத்த ரொட்டிகளை உறையவைத்துப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து நாள் முழுக்கச் சூடுபண்ணிக்கொண்டிருப்பாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் லோர்னாவின் கணவன் கர்ட் அவளை விவாகரத்து செய்துவிட்டு, பனியே விழாத பீனிக்ஸுக்குப் போய் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவன் போனான். அவன் குடும்பம் வழக்கம்போல ஜனவரியில் வந்து இறங்கியது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லோர்னாவுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை அவளும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு போன் வரவில்லை. எப்படியும் வந்துவிடுவார்கள் என்று லோர்னா மெத்தைகளைத் தட்டி விரித்துவைத்தாள். கடைசியில் டெல்மர்தான் சொன்னார்.

"ஒங்க ஆளுங்க நேத்தே வந்துட்டாங்களே! நம்ம ஸ்டூடண்ட் ஹாஸ்டல்ல ரூம் எடுத்திருக்காங்க. லீவுல வாடகைக்கு விடுறாங்கல்ல? ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள் லோர்னா. தெரியாது.

"குடுத்து வெச்சவங்க நீங்க. என் வீட்ல பதினோரு பேர்."

விடுதி அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வெறுங்கையோடு போக மனம் வராமல் ஒரு மின்கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு போனாள். கன்னிசன் குளிரில் ராத்திரி இன்ஜினைச் சூடாக வைக்கும் கருவியை மின்சாரத்தில் மாட்டிவைக்காவிட்டால் காலையில் கார் கிளம்பாது.

அறையில் வெர்னா தனியாக இருந்தாள். மற்றவர்கள் மலைக்குப் போயிருந்தார்கள். அடுப்பு இல்லாததால் ரொட்டிகளை ஹீட்டர் மேல் வரிசையாக அடுக்கியிருந்தாள்.

"காருக்கு மாட்ட ஒயர் கொண்டாந்தேன் அத்தை."

"லைல் கொண்டாந்திருக்கான்."

"ஓ."

"உக்காரு. ரொட்டி சாப்டு. நடுவுல இன்னும் கல்லாத்தான் இருக்கும், பாத்துக் கடி."

லோர்னா கடித்தாள். கல்லாகத்தான் இருந்தது.

"ஏன் அத்தை வீட்டுக்கு வரல?"

"போன வருசம் மளிகைக் கடைல அந்த டெல்மர்கிட்ட என்ன சொன்ன? 'விருந்தும் மருந்தும் மூணு நாளு, இதுங்க எப்பத்தான் கெளம்புமோ'ன்னு சொல்லல? பாலை எடுத்துக்கிட்டு நான் ஒனக்குப் பின்னாடிதான் நின்னேன்."

"ஐயோ, அது இங்க எல்லாரும் பேசறதுதான் அத்தை. அது ஒரு பெருமை."

"பெருமையா? எங்க ஊர்ல பெருமையா இருந்தா வாய மூடிக்கிட்டு இருப்போம்." வெர்னா ஒரு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "நீ சொன்னதுல என்ன தப்புன்னு நெனச்சேன். நான் பெத்த புள்ளையே ஒன்ன விட்டுட்டுப் போயிட்டான். நாங்க எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க வந்து படுக்கறது?"

லோர்னாவுக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தது.

"மெத்தையெல்லாம் விரிச்சு வெச்சிருக்கேன் அத்தை. எனக்குப் பொலம்பறதுக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

வெர்னா ஹீட்டர் மேலிருந்த ரொட்டிகளை நெருக்கி அடுக்கினாள்.

"ரூமுக்குக் காசு கட்டியாச்சு. திருப்பித் தரமாட்டாங்களாம்."

"கேட்டீங்களா?"

"வந்த ஒடனே கேட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கட்டின காச விட முடியாது. இந்த மேல் கட்டில் காலியாத்தான் கெடக்கு, என்னால ஏற முடியாது. ஒனக்கு முடியும்னா தலகாணிய எடுத்துக்கிட்டு வா."

ஆக, மூன்று படுக்கையறை வீட்டைப் பூட்டிவிட்டு லோர்னா தலையணையும் கையுமாக மாணவர் விடுதிக்குக் குடிபோனாள். வாசலில் காவல் பார்க்கும் பெண் மறித்தாள்.

"தங்கறதுன்னா குடும்பத்து ஆளா இருக்கணுங்க. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

எந்தப் பிராணி எந்தக் குடும்பம் என்று வகுப்பில் மூச்சுவிடாமல் சொல்கிறவள், தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நடைக்கோடியிலிருந்து வெர்னாவின் குரல் வந்தது.

"என் மருமக அது! உள்ள விடும்மா, ரொட்டி ஆறுது."