ஞாயிற்றுக்கிழமையின் விலை

அம்மா இறந்து எட்டு மாதம் கழித்துத்தான் உதவியாள் சேவைக்கு அரசாங்கம் வகுத்த விலை விதிகளைக் கெரின் உட்கார்ந்து படித்தாள். தம்பி டூகலுக்கு நாற்பது வயது; பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைந்தவன். உதவியாள் வைத்துக்கொள்ள அரசாங்கம் அவனுக்கு வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்கியிருந்தது. அது பாதியிலேயே தீர்ந்துவிடும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று போட்டிருந்தது. உதவியாள் டூகலைக் கடலுக்குக் கூட்டிப்போவதைச் செவ்வாய்க்கு மாற்றினாள். அதே செலவில் இரண்டு மணி நேரம் மூன்றரையானது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தாள்.

ஞாயிறு காலை டூகல் செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றான்.

"இன்னிக்கு இல்லடா. செவ்வாய்க்கிழமை போகலாம்."

"செவ்வாய்க்கிழமை அம்மா வர மாட்டா."

ஞாயிறுதோறும் அம்மாதான் அவனைக் கடல்பாலத்தின் கோடி வரை நடத்திக் கூட்டிப்போவாள். அங்கேதான் ஒருநாள் சுருண்டு விழுந்தாள். பக்கத்தில் ஆளில்லை. டூகல் அம்மாவின் போனில் அக்கா பெயரை நான்கு முறை அழுத்தினான். போனை வைத்து விளையாடுகிறான் என்று நினைத்துக் கெரின் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பாலத்தில் கால் வைத்ததே கிடையாது.

மூன்றாவது ஞாயிறு, சமையலறையில் பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்தாள். எப்போதோ இணைப்பைத் துண்டித்துவிட்ட அம்மாவின் போனை டூகல் காதில் வைத்திருந்தான்.

"அக்கா எடுக்க மாட்டேங்கறாம்மா. நீ இரு. நான் வரேன்."

அன்றே விதிகளைத் திரும்ப எடுத்தாள். இந்த முறை ஒரு வரி விடாமல் படித்தாள். மறுநாள் உதவியாள் அனுப்பும் நிறுவனத்துக்குப் போன் செய்தாள்.

"பக்கத்து ஊர்லேருந்து வந்து போற நேரத்துக்கும் பில் போடறீங்களே?"

"விதிப்படிதான் கெரின்."

"நாங்க ஒத்துக்கிட்டாத்தான் போடலாம்னும் விதியில இருக்கே?"

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

போட்டிருந்தாள். சவ அடக்க வாரத்தில், எதையும் படிக்காமல்.

"சரி. விதியில மணிக்கு இவ்வளவுன்னு இருக்கறது உச்சவரம்புதானே? அதுக்குக் கீழ வாங்கக் கூடாதுன்னு இருக்கா?"

"எங்க விலை அதுதான்."

ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக முறைப்படி எழுதிக் கொடுத்தாள். இரண்டு தெரு தள்ளி ரோவீனா என்றொருத்தி இதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தாள். மணிக்கு உச்சவரம்பைவிடக் குறைவாகக் கேட்டாள். "ரெண்டு தெருவுக்கு யாராவது பயணச்செலவு வாங்குவாங்களா? நடந்தே வந்துடுவேன்" என்று சிரித்தாள். அதே பணத்தில் ஞாயிறும் கிடைத்தது, செவ்வாயும் மிஞ்சியது.

முதல் ஞாயிறு கெரின் தானே காரோட்டி இருவரையும் இறக்கிவிட்டாள். பாலத்தின் தொடக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் வற்றி, கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. கோடியிலிருந்த பெஞ்சில் டூகல் உட்கார்ந்தான். ரோவீனா சற்று விலகி நின்றாள். அவன் பக்கத்தில் திரும்பித் திரும்பி யாரிடமோ பேசினான், தலையாட்டிக் கேட்டான். பிறகு இந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்தான். பெஞ்சில் இன்னும் ஒருவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

கெரின் பாலத்தின் முதல் பலகையில் கால் வைத்தாள். அடுத்ததற்குக் கால் எழவில்லை. காருக்குத் திரும்பி வந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அவர்கள் வரும்வரை அந்தத் திசையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.