தேர்வு நடக்காத வியாழக்கிழமை

செய்முறைத் தேர்வு என்று நான் நம்பியிருந்த அந்த வியாழக்கிழமை, தேர்வே நடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் என்னைத் துணிச்சல்காரி என்று யாராவது நினைத்துவிடக்கூடும்.

எல்லைக்கு அப்பால் போர் மூண்டதிலிருந்து எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பெட்டியும் கையுமாக ஆட்கள் வந்து இறங்கியபடியே இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குப் பின்னாலேயே, வேலை வாங்கித் தருகிறேன், வீடு பார்த்துத் தருகிறேன் என்று இன்னும் சிலரும் வந்தார்கள். அப்படி அழைத்துப் போகப்பட்ட பெண்களில் சிலரைப் பற்றி அதன்பிறகு தகவலே இல்லை. அதனால்தான் நகராட்சி ஒரு மாலை வகுப்பைத் தொடங்கியது. ஆள் கடத்துபவர்களை எப்படி அடையாளம் காண்பது, எப்படித் தடுப்பது என்பதுதான் பாடம். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் நான் சேர்ந்தேன். டவுன் பஸ் ஓட்டும் என் தாய்மாமாவும் சேர்ந்தார். நான் சேர்ந்தது மனசு கேட்காமல். அவர் சேர்ந்தது, வகுப்பில் நடிப்பு உண்டு என்று கேள்விப்பட்டு.

வகுப்பு நடந்தது ஆரம்பப் பள்ளி அறையில். பெஞ்சுகள் குழந்தைகள் அளவுக்குச் செய்தவை. உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். பாடம் நடத்தியவர் ஒரு வக்கீலம்மா. பாடம் முடிந்ததும் ஒத்திகை. ஒருவர் கடத்த வருபவர், ஒருவர் மாட்டிக்கொள்ளும் பெண், ஒருவர் தொண்டர். கடத்தல்காரர் எப்போதும் மாமாதான். அதற்கென்றே கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் வாங்கி வைத்திருந்தார்.

“பெண்ணே! வெளிநாட்டுல ராணியாட்டம் வாழலாம், வா!” என்று மாமா கர்ஜிப்பார்.

“இப்படிக் கூப்பிட்டா ஆட்டுக்குட்டி கூட வராதுண்ணே,” என்பார் வக்கீலம்மா. “நெசத்துல அவங்க ரொம்ப நல்லவங்களா இருப்பாங்க. சாப்பிட்டியான்னு கேப்பாங்க. சிரிச்ச முகமா இருப்பாங்க.”

“அப்போ வில்லனுக்கு என்னதான் மரியாதை டீச்சர்?”

தொண்டராக நான் நின்ற ஒத்திகைகள் எதுவும் உருப்படவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் எனக்கு மனப்பாடம்: வேலை எங்கே, முதலாளி யார், விலாசம் என்ன, பாஸ்போர்ட் யார் கையில், வேண்டாம் என்றால் திரும்பி வர முடியுமா. ஆனால் வாயைத் திறந்தால் “மன்னிச்சுக்குங்க, தொந்தரவு பண்றேனா?” என்பதுதான் முதலில் வரும். ஒரு தடவை மாமா ‘கடத்திப் போகும்’ போது நானே கதவைத் திறந்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. கை நிறையப் பெட்டியோடு ஒருவர் வந்தால் கதவைத் திறந்துவிடுவது பழக்கதோஷம்.

இந்த நிலையில்தான் வக்கீலம்மா செய்முறைத் தேர்வு ஒன்றை அறிவித்தார்.

“பஸ் ஸ்டாண்டுக்கு உங்களுக்குத் தெரியாத ஒருத்தரை அனுப்புவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிக்கணும்.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டுப் பக்கத்தறையில் ஒரு நர்ஸக்கா தங்கியிருந்தாள். போரில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி தரைமட்டமாகிவிட்டது. சான்றிதழ்கள் அங்கேயே போயின. தோளில் ஒரு பையும் அதற்குள் ஒரு பாஸ்போர்ட்டுமாக வந்து சேர்ந்தவளை நகராட்சி எங்கள் வீட்டில் தங்கவைத்தது. சான்றிதழ் இல்லாததால் இங்கே எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சும்மா இருக்க முடியாமல் எங்கள் வீட்டைக் கழுவித் தள்ளினாள். “என் அடுப்பங்கரைக்குள்ள நானே செருப்பைக் கழட்டிட்டு, கையைக் கழுவிட்டு, அனுமதி கேட்டுல்ல போக வேண்டியிருக்கு,” என்று அம்மா புலம்பினாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது நர்ஸக்கா என்னை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

“எனக்கு வேலை கிடைச்சிருக்கு. வெளிநாட்டுல ஒரு பெரியவரைப் பாத்துக்கணும். மத்தியானம் வண்டி வருது. உங்கம்மாகிட்ட மூச்சு விடாத. வண்டி ஏத்துற அம்மா யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு சொன்னாங்க.”

அக்கரைச் சீமையில் வேலை, அவசரப்படுத்துவது, யாரிடமும் சொல்லாதே என்பது. மூன்றும் பாடத்தில் இருந்த அடையாளங்கள், வரிசைகூட மாறவில்லை. நிஜ வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு ஒழுங்காக நடக்காது என்பது என் அனுபவம். மேலும், முந்தின வாரம்தான் வக்கீலம்மா நர்ஸக்காவின் காகிதங்கள் விஷயமாக எங்கள் வீட்டுக்கு வந்து, அவளோடு கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசியிருந்தார். எனக்குப் பளிச்சென்று புரிந்தது, தப்பாக. மாட்டிக்கொள்ளும் பெண்ணாக நடிக்க நர்ஸக்காவை ஏற்பாடு செய்திருக்கிறார்!

எனக்குத் தெரியும் என்று காட்ட, ஒரு கண்ணைச் சிமிட்டினேன்.

“என்ன, தூசியா? இரு, பாக்கறேன்,” என்று அவள் என் இமையைத் தூக்கிப் பார்த்தாள். என்ன நடிப்பு என்று வியந்தபடி கடைக்குப் போனேன்.

மத்தியானம் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றது. நர்ஸக்கா ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் இன்னும் இரண்டு இளம்பெண்கள். வெளியே, பூப்போட்ட சால்வை போர்த்திய ஓர் அம்மா, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாள்.

“பாஸ்போர்ட்டை என்கிட்ட குடு கண்ணு. கூட்டத்துல தொலைச்சுட்டா யாரு அலையறது?” என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நர்ஸக்கா எடுத்துக் கொடுத்தாள். அது சால்வைக்காரம்மாவின் கைப்பைக்குள் போனது.

மாமா தன் பஸ்ஸில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, தேர்வு வந்துருச்சு! அந்த வெள்ளை வேன்!”

மாமா எட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. “வில்லன் வேஷத்துக்கு வெளியாளைப் போட்டுட்டாங்களா? இத்தனை நாள் நான் கத்துனதுக்கு இதுதானா மருமகளே?”

“மாமா, மார்க்கு!”

“சரி சரி. நீ போய்க் கேள்வியைக் கேளு. வண்டி நகராம நான் பாத்துக்கறேன்.”

அவர் பஸ்ஸைக் கிளப்பி, வெளியேறும் வழியின் குறுக்கே அலுங்காமல் நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே இருந்த பயணிகள் சத்தம் போட, “பரீட்சை நடக்குது, கொஞ்சம் பொறுங்க,” என்று அதட்டினார்.

நான் சால்வைக்காரம்மாவின் முன்னால் போய் நின்றேன். தேர்வுதானே என்ற நினைப்பில் என் குரல் கணீரென்று வந்தது. மன்னிப்புக் கேட்கவே இல்லை.

“மேடம், இவங்களுக்கு எந்த ஊர்ல வேலை? முதலாளி பேர் என்ன?”

“யாரும்மா நீ? நல்ல குடும்பம்மா. பெரிய வீடு.”

“விலாசம்?”

“போனதும் சொல்லுவாங்க.”

“பாஸ்போர்ட் ஏன் உங்க பைல இருக்கு?”

அவள் சிரிப்பு ஒரு நொடி அணைந்து மறுபடி எரிந்தது. அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. “பிரமாதம் மேடம்! டீச்சர் சொன்ன மாதிரியே பண்றீங்க,” என்றேன்.

வேன் டிரைவர் இறங்கிவந்து பஸ்ஸைத் தட்டினான். “யோவ், வண்டியை எடுய்யா!”

மாமா ஜன்னல் வழியாகக் குனிந்து அவனைப் பரிவோடு பார்த்தார். “தம்பி, கோவத்தை இப்பவே கொட்டிட்டா கடைசி சீனுக்கு என்ன வச்சிருப்பே? எந்த நாடகக் குழு நீ?”

வேனுக்குள் பின்சீட்டுப் பெண் அழுதுகொண்டிருந்தாள். “அழுகை மட்டும் கொஞ்சம் அதிகம்,” என்று நான் நர்ஸக்காவிடம் சொன்னேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “உனக்கு என்ன ஆச்சு? என் வேலையைக் கெடுக்காத. போ.”

“தேர்வு முடியட்டும்க்கா.”

“என்ன தேர்வு?” என்று கேட்டவள் சால்வைக்காரம்மா. நான் விளக்கினேன். வகுப்பு, ஒத்திகை, தெரியாத ஆளை அனுப்புவார்கள் என்பது, எல்லாவற்றையும். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு என் கன்னத்தைத் தட்டினாள்.

“கண்டுபிடிச்சுட்டியே! கெட்டிக்காரி. நீ பாஸ். நல்ல மார்க் போடறேன். இப்ப பஸ்ஸை எடுக்கச் சொல்லு கண்ணு.”

என் வாழ்நாளில் யாரும் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. கால் தரையில் பாவவில்லை. நாலடி தள்ளிப்போய் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன்.

“டீச்சர், ரொம்ப நன்றி! தேர்வு முடிஞ்சுது, நான் பாஸ்!”

“என்ன தேர்வு? நான் இன்னும் ஆளே பிடிக்கலியேம்மா.”

“வெள்ளை வேன்ல, சால்வை போட்டுக்கிட்டு… நர்ஸக்கா கூட…”

 எப்போதும் குரலை உயர்த்தாத அந்த வக்கீலம்மா கத்தினார். “நான் யாரையும் அனுப்பல! நான் போலீஸைக் கூப்பிடறேன். அவங்க போயிடாம பாத்துக்க!”

 ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாகவும் அதுவேதான் தோன்றியது. ஆனால் வேன் ஜன்னலில் நர்ஸக்காவின் முகம் தெரிந்தது. அவளுடைய பாஸ்போர்ட் அந்தக் கைப்பைக்குள் இருந்தது. தேர்வு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

திரும்பிப் போனேன்.

“மேடம், வாய்மொழித் தேர்வு பாக்கியிருக்காம். டீச்சர் சொல்றாங்க.” குரல் கீச்சென்று வந்தது. “அதுக்கு முன்னாடி, மாட்டிக்கிட்டவங்களைத் தனியா கூட்டிட்டுப் போய்க் காட்டணும். அதுக்குத் தனி மார்க்.”

நர்ஸக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறப் போனாள்; உதறவில்லை. அவள் விரல்கள் தாமாகவே நழுவி என் மணிக்கட்டின் உள்பக்கத்தில் அமர்ந்தன. நாடி பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நடித்துக்கொண்டிருப்பவளுக்கு நாடி அப்படி அடிக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேனிலிருந்து இறங்கினாள். இறங்கியவள், பின்சீட்டுப் பெண்களையும் பார்த்து, வார்டில் நோயாளிகளை எழுப்பும் குரலில், “நீங்களும் இறங்குங்க. தேர்வு எல்லாருக்கும்தான்,” என்றாள்.

“என்னம்மா இது விளையாட்டு?” சால்வைக்காரம்மா நெருங்கிவந்தாள்.

எனக்குத் தெரிந்த கேள்விகள் தீர்ந்துவிட்டிருந்தன. வாய்க்கு வந்ததைக் கேட்டேன். “மேடம், அந்தப் பெரியவருக்கு என்ன வியாதி?”

“சர்க்கரை.”

“சர்க்கரைன்னா ஊசியா, மாத்திரையா? எந்நேரம்?” என்று நர்ஸக்கா குறுக்கே புகுந்தாள். “காலுல புண்ணு இருக்கா? கடைசியா ரத்தம் பாத்தது எப்போ?”

சால்வைக்காரம்மா என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். “அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம்,” என்றாள். நர்ஸக்காவின் முகத்திலிருந்து கடைசிச் சந்தேகமும் வடிந்துபோனதை நான் பார்த்தேன். “வீட்டுல நாய் உண்டா? மாடியா, தரைத்தளமா?” என்று நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். வேன் டிரைவர் விஷயத்தை மோப்பம் பிடித்து நழுவி, சந்துக்குள் ஓடினான். “ஓட்டம் சுமார்தான்,” என்றார் மாமா.

போலீஸ் வந்தது. கைப்பையைத் திறந்தபோது மூன்று பாஸ்போர்ட்டுகளும் பின்சீட்டுப் பெண்களின் போன்களும் இருந்தன. சால்வைக்காரம்மாவுக்கு விலங்கு மாட்டியபோது மாமா பஸ்ஸிலிருந்து இறங்கிவந்து, “அசலாட்டம் இருக்கே, எங்க வாடகைக்குக் கிடைக்கும்?” என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார். இது தேர்வே இல்லை, நிஜம் என்று நான் அவர் காதில் சொன்னேன். அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பயணிகளில் ஒருவர்தான் தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் நர்ஸக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

“அது பரீட்சைன்னு நெனைக்காம இருந்திருந்தா, நீ வந்து கேட்டிருப்பியா?”

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். “தெரியலக்கா.”

“ம்.” தலையணையைத் தட்டி நேராக வைத்தாள். “எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாதேன்னா சந்தேகம் வராதா? நான் என்ன கைக்குழந்தையா? ஆனா அந்தம்மா வந்த உடனே, உனக்கு என்ன வேலை தெரியும்னு கேட்டா. இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து, நீ என்னத்தை இழந்தேன்னுதான் எல்லாரும் கேக்கறீங்க. உங்கம்மா கேட்டாங்க, ஆபீஸ்ல கேட்டாங்க, நீயும் கேட்டே. என்ன தெரியும்னு அவ ஒருத்திதான் கேட்டா.”

 இது எங்கள் பாடத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அவளைச் சாப்பிடக் கூப்பிடு! அந்தப் பொம்பளை கையால வெறும் பிஸ்கட்டுதான் தின்னுருக்கா!”

நான் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“அக்கா, நீங்க எந்த வார்டுல வேலை பாத்தீங்க?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், இதற்கும் மார்க் உண்டா என்பதுபோல. பிறகு காலை மடக்கி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “குறைமாசக் குழந்தைங்க வார்டு,” என்று ஆரம்பித்தாள். அம்மா மூன்று தடவை கூப்பிட்ட பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.