கம்பெனிக்கு மானம் போனது

செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவு பின்வாய்க்காலில் இறங்கத் தொடங்கியதிலிருந்து நாற்றத்தில் பிரிஜெட்டால் வீட்டுச் சன்னலைத் திறக்க முடியவில்லை. மலேசியாவில் பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லாருக்கும் இதே கதிதான். அவள் மட்டும் கைப்பேசியில் படம் பிடித்து, "இந்தக் கம்பெனிக்கு வெக்கமே இல்ல" என்று பேசி முகநூலில் போட்டாள்.

வந்து சேர்ந்தது வக்கீல் நோட்டீஸ். கம்பெனியின் நற்பெயர் கெட்டுவிட்டதாம். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், இல்லையென்றால் வழக்காம்.

சுங்கைப் பட்டாணியில் வக்கீல் சிவநேசனைப் போய்ப் பார்த்தாள்.

"யாருகிட்ட மன்னிப்பு கேக்கணும் தம்பி? மேனேஜர்கிட்டயா?"

"இல்லக்கா, கம்பெனிகிட்ட. சட்டத்துல கம்பெனியும் ஒரு ஆளுதான். நம்மள மாதிரி கேஸ் போடலாம்."

"ஆளுன்னா மூக்கு இருக்கணும்லா. எங்க வீட்டுல ஒரு ராத்திரி வந்து படுக்கச் சொல்லுங்க."

சிவநேசன் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கிருந்து நேரே, ஊரே 'ஒய்பி' என்று அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனாள். போன தேர்தலில் அவருக்காக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள். அவர் தேநீர் வரவழைத்தார்.

"ஒரு வரி சாரின்னு போட்டு முடிச்சிடுங்கக்கா. கம்பெனி நம்ம ஏரியாவுக்கு நெறைய செய்யுது."

"உங்க எலெக்ஷனுக்கும் செஞ்சாங்களா ஒய்பி?"

"சட்டப்படிதான் குடுத்தாங்க," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

தேநீரை அப்படியே வைத்துவிட்டு, அவரிடம் தோற்ற கட்சியின் அலுவலகத்தில் ஏறினாள். அங்கிருந்த செயலாளர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

"கம்பெனி பேரச் சொல்லாம பேசலாமாக்கா? எங்களுக்கும் அவங்கதான் குடுத்தாங்க."

"அப்ப நான் யாருக்குத்தான் ஓட்டுப் போட்டேன்?" என்று கேட்டாள்.

வீட்டில் கணவன் வால்டர் இதோடு விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினான். அந்த ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரிதான் அவன் ஓட்டுவது. கடைசியில் சிவநேசன் பேசி ஒரு வழி செய்தார்: மன்னிப்பு வேண்டாம், படத்திலிருந்து அவள் பேச்சை மட்டும் எடுத்துவிட வேண்டும். படம் ஊமையாக முகநூலில் கிடந்தது. வழக்குப் பேச்சு நின்றது, வாய்க்கால் நாற்றம் நிற்கவில்லை.

டிசம்பரில் ஒய்பியின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைப்பு வந்தது. அவள் போகவில்லை. வால்டர் போய்விட்டு வந்து, பிரியாணி நன்றாக இருந்தது என்றான். இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை.