படம் பார்த்துச் சொன்ன பிள்ளை

எனக்குத் தெலுங்கு தெரியும். இந்த மூணு வார்த்தைய அன்னைக்கு வாயத் தொறந்து சொல்லியிருந்தா ஒரு பிள்ளையோட பேரு பள்ளிக்கூடப் பதிவு இடாப்புல ஏறியிருக்கும். நான் சொல்லல. ஏன் சொல்லலன்னு இப்ப சொல்றேன். கேட்டுட்டு என் மூஞ்சியில காறித் துப்பணும்னு தோணுனா துப்புங்க, நான் தொடச்சுக்க மாட்டேன்.

நான் சுகிர்தம் டீச்சர். தலவாக்கலையில பஸ் ஏறி, பாலத்துக்கிட்ட எறங்கி, ரெண்டு மைல் மூச்சு வாங்க ஏறினா எங்க தேயிலத் தோட்டத்து மேல் பிரிவு. பள்ளிக்கூடம்னு ஒரே அறை, தகரக் கூரை, எழுவது பிள்ளைங்க, ஒரு டீச்சர். மழை பேஞ்சா நான் கத்துறது எனக்கே கேக்காது. வேதக்கார டீச்சரு, மதுரைப் பக்கத்து வம்சம்னு தோட்டத்துல எல்லாரும் நெனச்சிக்கிட்டு இருந்தாங்க. நான் அப்படிச் சொன்னதில்ல. இல்லன்னும் சொன்னதில்ல.

நான் பொறந்தது அட்டன் டவுன்ல, தெரு கூட்டுறவங்க இருந்த லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன ஒத்த அறை வீடுங்க. எங்க வீட்டுல பேச்செல்லாம் தெலுங்கு. ஏழு வயசுல அம்மா செத்துப் போனதும் பாதிரியார் சம்சாரம் என்னையக் கூட்டிக்கிட்டுப் போயி மிஷன் போடிங்ல தங்க வச்சு, ஞானஸ்நானம் குடுத்து, எல்லம்மாவா இருந்தவள சுகிர்தம் ஆக்குனாங்க. அந்த போடிங்ல என் வாயில தெலுங்கு வார்த்த ஒண்ணு வந்துட்டாப் போதும், மத்த பிள்ளைங்க மூக்கப் பொத்திக்குவாளுங்க. அதனால சுறுக்கா மறந்தேன். மறந்த மாதிரி நடிச்சேன்னு சொன்னாத்தான் சரி.

சிங்களம் மட்டுந்தான் அரச பாஷைன்னு சட்டம் வந்து அப்ப ஆறு வருஷம். ஆஸ்பத்திரியில குடுக்குற மருந்துத் துண்டு, அரசாங்கக் கந்தோர்ல இருந்து வர்ற கடுதாசி, ஒண்ணும் நம்ம ஆளுங்களுக்கு வெளங்கல. எதையாவது கையில வச்சிக்கிட்டு சிங்களக் கடைக்காரர்கிட்ட கெஞ்சிக்கிட்டு நிப்பாங்க. எங்க தோட்டத்து யூனியன் தலைவரு பொன்னையா இதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சாரு. தமிழும் சிங்களமும் சேத்துச் சொல்லிக் குடுக்குற தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குக் காசு குடுக்க கொழும்புல ஒரு சங்கம் இருந்துச்சு. சிங்கள வாத்தியார் சம்பளம், புஸ்தகம் எல்லாம் அவங்க பொறுப்பு. ஆனா பிள்ளைங்க ஒக்கார வாங்கு, மேச, சுவரு தோட்டத்து ஜனங்க போடணும். மனுசன் லயம் லயமா ஏறி எறங்குனாரு. ஞாயித்துக்கெழம கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பாங்கல்ல, அப்படி ஒரு ஞாயித்துக்கெழமக் காச ஒவ்வொரு வீடும் குடுத்துச்சு. ஆத்தோரத்துல இருக்குற கடைசி லயமும் குடுத்துச்சு. அந்தக் காச மட்டும் தலைவரு கையில வாங்காம, சுவத்து மேல வைக்கச் சொல்லி எடுத்துக்கிட்டாரு.

கடைசி லயம்னா வாசக்கூட்டி வேல செய்யிறவங்க. லயத்து வாசலு, சாக்கடைக் கானு, கக்கூஸ் எல்லாம் அவங்கதான் சுத்தம் பண்ணணும். வீட்டுக்குள்ள தெலுங்கு, வெளிய தமிழு. வீரம்மான்னு ஒருத்தி, புருசன் செத்து, அட்டன்ல இருந்து அண்ணன் வீட்டோட அங்க வந்து சேந்திருந்தா. கூட ஏழு வயசு மக நாகலெட்சுமி. அந்த லயத்துல பள்ளிக்கூட வயசுல இருந்தது அவ ஒருத்திதான். டவுன் லயத்துலயே வளந்ததால அவளுக்குத் தமிழ் ஓடல. ஆனா தெனம் பள்ளிக்கூட ஜன்னல்கிட்ட வந்து நின்னு நான் எழுதுறத கண்ணு கொட்டாமப் பாப்பா. நான் ஜன்னலச் சாத்திருவேன். குளிருன்னு சொல்லிக்குவேன்.

ஒரு நாள் வீரம்மா என் குவாட்டர்ஸ் பின்வாசலுக்கு வந்தா. தள்ளி நின்னு என்னைய ஏற எறங்கப் பாத்தா.

"நுவ்வு எல்லம்மா காதா?"ன்னா.

எனக்கும் அவள அடையாளம் தெரிஞ்சிருச்சு. எங்கம்மாவும் இவளும் பக்கத்து வீடு. என்னைய இடுப்புல வச்சிச் சுமந்தவ. நீ எல்லம்மா இல்லியான்னு கேக்குறா, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னம்மா கேக்குற, தமிழ்ல சொல்லு"ன்னேன்.

பெறகு தலையக் குனிஞ்சிக்கிட்டு, தட்டுத் தடுமாறித் தமிழ்ல சொன்னா. "டீச்சரம்மா, எம்மவள இடாப்புல சேத்துக்கங்க. இந்த வருசம் சேக்கலன்னா எங்கூட கக்கூஸ் வாளி தூக்க வந்துருவா." நான் தலைவருகிட்டக் கேக்குறேன்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுக்குப் பெறகு அவ என்னைய எல்லம்மான்னு கூப்புடவே இல்ல.

தலைவருகிட்டக் கேட்டேன், கேக்காம இல்ல. அவரு வெத்தலையக் கொதப்பிக்கிட்டே சொன்னாரு. "டீச்சர், அந்தப் பிள்ள உள்ள வந்து ஒக்காந்துச்சுன்னா நாளைக்கே மத்த வீட்டுக்காரங்க பிள்ளைங்கள நிறுத்திருவாங்க. பெறகு கொழும்புக் காசு ஏது, பள்ளிக்கூடம் ஏது? நீங்க வெளியூரு, ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது." எனக்கா வெளங்காது! ஆமாங்க தலைவர்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கொழும்புச் சங்கத்துல இருந்து றோலண்ட் ஐயா பள்ளிக்கூடத்தப் பாக்க வந்தாரு. கொழும்புத் தமிழரு, நல்ல மனுசன், கால் சப்பாத்தெல்லாம் சேறு. ஜனமெல்லாம் கூடியிருச்சு. பொன்னையா தலைவரு பேசுனாரு பாருங்க ஒரு பேச்சு! "ஐயா, எங்க பாஷைய ஒரு மூலையில ஒதுக்கி வச்சிருக்காங்க. வீட்டுல பேசுற பாஷைய வெளிய பேசுனா ஊமையப் பாக்குற மாதிரி பாக்குறாங்க. பெத்த தாய்கிட்டக் கத்துக்கிட்ட பேச்சுக்கு ஒரு மரியாத வேணாங்களா?" கேட்டுட்டு றோலண்ட் ஐயாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன், வெக்கங்கெட்டவ.

சங்கம் ஒரு மாசம் முந்தியே எனக்கு அனுப்பி வச்சிருந்த படத்த அவரு மேசையில இருந்து எடுத்தாரு. ஒரு பொம்பள பசுமாட்டுல பால் கறக்குற படம். பிள்ளைங்கள ஒவ்வொண்ணாக் கூப்புட்டு, இதப் பாத்துச் சொல்லுன்னாரு. "பசு மாடு ஐயா." "பசு மாடு பால் தரும் ஐயா." எல்லாம் நான் உருப்போட வச்சது. அப்பத்தான் வாசல்ல வீரம்மாவும் மகளும் நிக்கிறத அவரு பாத்தாரு.

"அந்தப் பிள்ளை ஏன் வெளியில நிக்குது? உள்ள வா மகள்."

தலைவரு மூஞ்சி செத்துப் போச்சு. கொழும்பு ஐயா கூப்புடுறாரு, யாரு தடுக்குறது? நாகலெட்சுமி உள்ள வந்தா. தலையில எண்ணெய் வழிய வழியத் தேச்சு சீவியிருந்தா. படத்தக் கையில வாங்கிக் கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா. பாத்துட்டு கடகடன்னு தெலுங்குல பேச ஆரம்பிச்சா.

என்ன சொன்னா தெரியுமா? கன்னுக்குட்டிய அவ்வளவு தூரத்துல கட்டிப் போட்டிருக்காங்களே, அது வந்து மொதல்ல குடிக்காம தாய்ப்பசு எப்படிப் பால் விடும்? அது கன்னையே பாத்துக்கிட்டு இருக்கு, கோவத்துல இருக்கு, இந்தப் பொம்பளைய ஒதைக்கப் போகுது, வாளியும் கவுந்துரும்னா. அந்தப் படத்த ஒரு மாசமா மேசையில வச்சிருந்தவ நான். அந்தக் கன்னுக்குட்டிய நானே கவனிச்சதில்ல. எழுவது பிள்ளைங்கள்ல ஒண்ணுகூடக் கவனிக்கல.

ஜனம் சிரிச்சுச்சு. பிள்ளைங்க அவ மாதிரியே பேசிக் காட்டிச் சிரிச்சுதுங்க.

"உளறுதுங்க ஐயா," தலைவரு முந்திக்கிட்டாரு. "புத்தி கொஞ்சம் மந்தம்."

"உளறலைங்க," வாசல்ல இருந்து வீரம்மா சொன்னா. "அது தெலுங்குங்க. மாடு... கன்னு..." அதுக்குள்ள இன்னும் சத்தமாச் சிரிச்சாங்க. அவ நிறுத்திட்டா.

றோலண்ட் ஐயா சிரிக்கல. "தெலுங்கா? அப்படிப்பட்ட பிள்ளைக்கு உதவியா ஒரு ஆளுக்கு சம்பளம் குடுக்க எங்க சங்கத்துல வழி இருக்கு. ஆனா தெலுங்கு தெரிஞ்ச, படிச்ச ஆளா இருக்கணும். இந்த மலையில நான் எங்க போய்த் தேடுறது?"ன்னு சொல்லிட்டு என் பக்கம் திரும்புனாரு. "டீச்சர், உங்களுக்கு விளங்குதா? அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?"

ஜனமெல்லாம் என்னையப் பாத்துச்சு. ராக்காயி பாத்தா, அவ வீட்டுலதான் எனக்கு ஞாயித்துக்கெழம சோறு. வேலாயி பாத்தா, அவ பேத்திக்கு நான்தான் பேரு வச்சேன். ஆமான்னு சொன்னா நாளைக்கு இவங்க வீட்டுல எனக்குத் தண்ணி எதுல குடுப்பாங்க? இதுதாங்க அந்த நிமிசத்துல என் மண்டையில ஓடுனது. பிள்ளையோட படிப்பு இல்ல, கொழும்புக் காசு இல்ல. தண்ணிச் சொம்பு!

"வெளங்கலைங்க ஐயா. எனக்குத் தெலுங்கு தெரியாது."

அதோட விட்டேனா? அவரு, பிள்ளை புத்தியுள்ள பிள்ளைதானான்னு கேட்டாரு. "தலைவர் சொன்ன மாதிரி கொஞ்சம் மந்தந்தாங்க"ன்னேன். என் வாயில புழு புழுக்கணும்.

அவரு விடாம வீரம்மாகிட்ட கேட்டாரு. "அம்மா, உங்களுக்குத் தெரிஞ்சு உங்க பாஷை பேசுற, படிச்ச ஆள் யாராவது இங்க இருக்காங்களா? இருந்தா சொல்லுங்க, உங்க மகளுக்குத்தான் நல்லது."

வீரம்மா என்னையப் பாத்தா. நான் செத்தேன்னு நெனச்சேன். ஒரு வார்த்த போதும் அவளுக்கு, மகளுக்குப் படிப்பும் கெடைச்சிருக்கும், என் வேஷமும் கிழிஞ்சிருக்கும்.

"இல்லைங்க ஐயா," அப்படின்னா. "அப்படி யாரும் இல்லைங்க."

மகளைக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு எறங்கிப் போயிட்டா. றோலண்ட் ஐயா விண்ணப்பப் பாரத்த எடுத்து எங்கிட்ட நீட்டுனாரு. வீட்டில் வேறு பாஷை பேசும், சேர்க்கக்கூடிய பிள்ளைகள்னு ஒரு கட்டம். அதுல இல்லைன்னு எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாசமே காசு வந்துருச்சு.

ஆனா கையெழுத்துப் போட்ட அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. மறுநாள் கொழுந்து நிறுத்து முடிஞ்ச நேரம், பொம்பளைங்க எல்லாம் பீலிக் கொழாயில தண்ணி புடிச்சிக்கிட்டு இருக்குறப்ப, அவங்க எல்லாரும் பாக்க கடைசி லயத்துக்கு எறங்கிப் போனேன். வீரம்மா வாசல்ல வாளி கழுவிக்கிட்டு இருந்தா. இருவது வருசத்துக்கப்புறம் வாயத் தொறந்து தெலுங்கு பேசுனேன். பாதி வார்த்த வரல, வந்ததும் பிள்ளைப் பேச்சு மாதிரி வந்துச்சு. ஒன் மகள அனுப்பு, நானே சொல்லிக் குடுக்குறேன், நாளைக்கே இடாப்புல பேரு எழுதுறேன், தலைவரு என்ன பண்ணுறாருன்னு பாத்துக்கலாம்னேன். பீலிக்கிட்ட பேச்சு நின்னு போச்சு. நிக்கட்டும்னு சத்தமாவே பேசுனேன்.

வீரம்மா வாளியக் கவுத்து வச்சிட்டு எந்திரிச்சா. கோவம் இருந்தா நல்லா இருந்திருக்கும். இல்ல. எனக்குத் தமிழ்லதான் பதில் சொன்னா.

"எம்மவ நேத்து பூரா கேட்டுக்கிட்டே இருந்தா. அந்த டீச்சருக்கு நான் சொன்னது வெளங்குச்சும்மா, கன்னுக்குட்டின்னு சொன்னதும் படத்தத் திரும்பிப் பாத்தாங்க, பெறகு ஏன் வெளங்கலன்னு சொன்னாங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவ கையக் காட்டி நிறுத்திட்டா.

"ஒங்களக் காட்டிக் குடுக்க எனக்கு மனசு வரலைங்க. ஒங்கம்மா மொகம் வந்து முன்னுக்க நின்னுச்சு. ஆனா படிப்பு வேணாங்க டீச்சரம்மா. இவ ஒருத்திதான் எனக்கு இருக்கா. நல்லாப் படிச்சு, நல்லாச் சேல கட்டி, நாளைக்கு நாலு பேருக்கு முன்னால என்னையக் காட்டி, இது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டான்னா நான் தாங்க மாட்டேன்."

அதுக்கு மேல நான் ரெண்டு தடவ போயிப் பாத்துட்டேன். கதவச் சாத்தல, ஸ்டூல் போட்டு ஒக்கார வச்சா, தேத்தண்ணி குடுத்தா, மகள மட்டும் அனுப்பல. தலைவரு இப்ப எங்கிட்டப் பேசுறதில்ல, ராக்காயி வீட்டுச் சோறும் நின்னு போச்சு. அதெல்லாம் எனக்கு ஒரு கஷ்டமே இல்லைங்க. இப்ப ரெண்டு வாத்தியாரு, புது வாங்கு, சிங்களமும் தமிழும் பிள்ளைங்க மாத்தி மாத்திப் படிக்குதுங்க. காலையில பள்ளிக்கூட வாசலக் கூட்டுறது நாகலெட்சுமி. நான் மணி அடிக்கிறதுக்குள்ள கூட்டி முடிச்சிட்டுப் போயிருவா.